சமையல்கட்டில் பதினோரு பேர்

போன புதன்கிழமை சிதம்பரத்தில் மச்சான் அந்தோணியின் மகளுக்குக் கல்யாணம். காலையிலேயே சர்ச்சில் திருப்பலி முடிந்துவிட்டது. பன்னிரண்டரைக்குப் பந்தி. மாப்பிள்ளை வீட்டார் மட்டும் முந்நூறு பேர்.

பதினொன்று இருபதுக்கு மண்டபத்துச் சமையல்கட்டில் நின்றேன். எதற்கு? வாழையிலை போதுமா என்று எண்ணத்தான். எனக்கு அப்படியொரு வியாதி... ஆட்களையும் எண்ணிவிட்டேன்.

பின்னால் வந்த என் மனைவி ரெஜினா காற்றை மோந்து பார்த்தாள்.

"எல்லா அடுப்பையும் அணைங்க. சிலிண்டரை மூடுங்க. வெளிய போங்க."

ரெஜினா எண்ணெய், எரிவாயுக் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள். கிணறு கிணறாகச் சுற்றி, பாதுகாப்பு மேனேஜராக ஓய்வு பெற்றவள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆபத்து என்று தோன்றினால் கடைநிலை ஊழியர்கூட வேலையை நிறுத்தலாம். யாரும் திட்டக் கூடாது.

கல்யாண மண்டபத்தில் அது செல்லுமா?

சமையல் மாஸ்டர் சிரித்தார். "லேசா கேஸ் வாசனைதாம்மா. ஃபேனைப் போட்டா போயிடும்."

"சுவிட்சைத் தொட்டா நாமதான் போயிடுவோம்."

அந்தோணி ஓடி வந்தார். "ரெஜினா, சம்பந்தி பசியோட உக்காந்திருக்காரு. மானத்தை வாங்காத!"

"மொதல்ல வெளிய வாண்ணே."

குரல் உயரவில்லை. ஆனால் எல்லோரும் நடந்தார்கள்.

வெளியே ரெஜினா கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துக் காற்றின் திசை பார்த்து, எல்லோரையும் காற்று வரும் பக்கமாக நிறுத்தினாள். "மாஸ்டர், உங்க ஆளுங்க எத்தன பேரு?"

"பத்து. எல்லாரும் இருக்காங்க."

"பதினொண்ணு," என்றேன். "காய் நறுக்குற அம்மா எங்க? ஸ்டோர் ரூம் பக்கம் போனாங்களே."

'நிச்சயமா?' என்று ரெஜினா கேட்கவில்லை. வெளியே சுற்றிப் போய், சமையல்கட்டை ஒட்டிய ஸ்டோர் ரூமின் பின்கதவைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் தாழ் விலகியது.

"இடுப்பு வலின்னு செத்த சாஞ்சேன்... என்னா ஆச்சு?" என்றபடி அந்த அம்மா வந்தார்.

வாசனை முழுவதும் போன பிறகு, ரெஜினா சிலிண்டரை லேசாகத் திறந்து, குழாய்களில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தாள். ஒரு ரப்பர் குழாயில் நுரை கொப்பளித்தது. வெடிப்பு! புதுக் குழாய் மாட்டிய பிறகே அடுப்பு எரிந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த வாசனை எனக்கும் வந்ததுதான். ஏன் வாயைத் திறக்கவில்லை? கல்யாண வீட்டில் எதற்கு வம்பு என்றுதான். மூக்கு எல்லோருக்கும் இருக்கிறது – நிறுத்து என்று சொல்லத்தான் முப்பத்தோரு வருடப் பழக்கம் வேண்டியிருக்கிறது.

கடைசிப் பந்தியில் உட்கார்ந்தும் அந்தோணிக்கு ஆறவில்லை. "நாப்பது நிமிஷம் லேட்டு!"

ரெஜினா அவர் இலையில் இன்னொரு அப்பளம் வைத்தாள்.

"எல்லாரும் சாப்பிட்டாங்கல்லண்ணே?"