நான் சிவப்புப் பூசிய மரம்

மெஷின் நின்றுபோன அந்த நிமிடத்தின் அமைதிதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. ஈஜோக் பக்கம், எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வெளிவேலையைக் கவனிக்கும் கிராணியாக இருந்தேன். தோட்டத்தை ஒட்டிக் கிடந்த சதுப்புக் காட்டை அழித்து அங்கும் செம்பனை நட உத்தரவு வந்திருந்தது. சாய்க்க வேண்டிய பெரிய மரங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசியவன் நான். மண்வாரி மெஷினால் அவற்றைச் சாய்த்தவரை மெஷின் அண்ணன் என்போம். அதிகம் பேசமாட்டார்; மழை பெய்தாலும் வேலையை நிறுத்தமாட்டார்.

அன்று காலை அவராகவே மெஷினை அணைத்துவிட்டுச் சேற்றில் இறங்கி என்னிடம் வந்தார். சாயம் பூசிய ஒரு மரத்தின் உயரத்தில், மண் வைத்து அடைத்த பொந்தைக் காட்டினார். மலாய்க்காரர்கள் எங்காங் என்று சொல்லும் இருவாச்சியின் கூடு அது. குஞ்சுகள் வளரும்வரை பெட்டை உள்ளே இருந்துகொண்டு வாசலை அடைத்துக்கொள்ளுமாம். சேவல்தான் சின்ன இடுக்கு வழியாகப் பழம் ஊட்டுமாம். நான்கு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“ஒரு மாசம் இத மட்டும் விட்டுருவோம் கிராணி. மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.”

கேட்டிருக்கலாம். ஆபீஸ் பத்து நிமிடத் தூரம்தான். ஆனால் எனக்கு வேலை நிரந்தரமாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஒரு பறவைக்காக மேனேஜர் முன்னால் போய் நிற்கக் கூச்சமாக இருந்தது. கேட்டதாகவும், அவர் முடியாது என்று சொல்லிவிட்டதாகவும் மத்தியானம் மெஷின் அண்ணனிடம் சொன்னேன்.

“சரி லா,” என்று மெஷினில் ஏறினார்.

மரம் விழுந்ததில் பொந்து பிளந்தது. கூட்டுக்குள் இருந்த நாளில் சிறகு உதிர்ந்திருந்த பெட்டையால் பறக்க முடியவில்லை, சாயங்காலத்துக்குள் செத்துவிட்டது. இரண்டு குஞ்சுகளையும் அவர் சட்டையில் சுற்றி லயத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பப்பாளி ஊட்டினார். மூன்றாம் நாள் அவையும் இல்லை. சேவல் மட்டும் ஒரு வாரம்போல வந்தது. உட்கார மரம் இல்லாததால் மெஷினின் நீட்டிய கைமேல் உட்கார்ந்தது. அலகில் பழம் இருந்தது. அது போகும்வரை அவர் மெஷினைக் கிளப்பவில்லை. நானும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த வரிசைக்குச் சாயம் பூசப் போனேன்.

காடு முழுவதும் போன பிறகு, செம்பனைக் கன்றுகள் வர மூன்று மாதம் ஆகும் என்று மேனேஜர் பேச்சுவாக்கில் சொன்னார். அவசரமே இல்லை, மெதுவாகச் செய்திருக்கலாம் என்றார். அதுவரை அந்த நிலம் கறுப்புச் சேறாகக் கிடந்தது.

இப்போது அங்கே செம்பனை ஓங்கி நிற்கிறது. குரங்கு, நீர்நாய், பெயர் தெரியாத குருவிகள் எதுவும் திரும்பவில்லை. எலி பெருகியது. எலி பிடிக்க ஆந்தைகள் வரட்டும் என்று தோட்டமெங்கும் மரப்பெட்டிகள் வைத்தோம். அந்த வேலையைப் பார்த்துக்கொண்டவனும் நான்தான்.

போன மாதம் பாசிர் பெனம்பாங்கில் மீன் வாங்கப் போனபோது மெஷின் அண்ணனைப் பார்த்தேன். வயதாகிவிட்டது, மகனோடு இருக்கிறாராம். கடைக்குக் கூட்டிப்போய்த் தேநீர் வாங்கிக் கொடுத்தார். என் பிள்ளைகளை விசாரித்தார்.

“அந்த மேனேஜர் ஒரு மாசம் குடுத்திருக்கலாம்,” என்றார். “நீங்களாச்சும் போயி கேட்டீங்க கிராணி.”

“ஆமாண்ணே,” என்றேன்.