இளைக்கிற மாத்திரை

புதுவாயல் ரைஸ் மில்லில் நெல் மூட்டை நிறுக்கிற தராசில் என்னை ஏற்றிப் பார்த்தவர் என் வீட்டுக்காரர்தான். எழுபதுகளின் தொடக்கம். தவிடு வாங்கச் சாக்கு எடுத்துக்கொண்டு நானும் வண்டியில் போயிருந்தேன். மில்லில் கூட்டம். பொழுது போகாமல் நின்றவருக்கு என்னைப் பார்த்ததும் யோசனை வந்துவிட்டது.

"ஏறி நில்லு, சும்மா பாக்கலாம்."

ஏறினேன். ஏன் ஏறினேன் என்று இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம். மில் கணக்குப்பிள்ளை இரும்புக் குண்டை நகர்த்தி நகர்த்தி நிறுத்திவிட்டு, மாவு பறக்கிற அந்த இடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்: "எண்பத்தி மூணு! மூட்டைக்கு மேல எட்டு கிலோ ஜாஸ்திண்ணா!"

சிரித்தார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் என் வீட்டுக்காரர். அவருக்கும் வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்குத் தொந்தி இருந்தது. அவரை யாரும் தராசில் ஏறச் சொல்லவில்லை. ஆம்பளைக்குத் தொந்தி வந்தால் வசதி, பொம்பளைக்குச் சதை வைத்தால் வியாதி. எங்கள் பக்கத்தில் அதுதான் கணக்கு.

அன்றிலிருந்து என் உடம்பு ஊர்ச் சொத்து ஆனது. குழாயடியில் தண்ணீர் பிடிக்கப் போனால் யோசனை, கழனிக்குப் போனால் யோசனை. வெறும் வயிற்றில் வெந்நீர் குடி என்று ஒருத்தி. கொள்ளை வேகவைத்துத் துண்ணு என்று இன்னொருத்தி. அவள் இடுப்பு என் இடுப்பைப்போல ஒன்றரை மடங்கு. என் மாமியார் மட்டும் யோசனை சொல்லவில்லை. நான் சோற்றில் கை வைக்கிறபோதெல்லாம் என் தட்டைப் பார்ப்பார். அவ்வளவுதான். பொதட்டூர்பேட்டையில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு வந்தவள் நான். இந்தக் கூட்டத்துக்கு நடுவில் என் சோற்றை நானே திருடித் தின்கிற மாதிரி தின்ன ஆரம்பித்தேன். எல்லாரும் கை கழுவிப் போன பிறகு, அடுப்படியில், நின்றபடியே.

அந்த நிலைமையில்தான் பெரிய நாத்தனார் பெரம்பூரிலிருந்து வந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஒரு வருஷத்துக்கு முன்னால் பார்த்தபோது என்னைவிடப் பருமன். இப்போது பஸ்ஸை விட்டு இறங்கியவரைப் பார்த்து மாமியார் ஒரு நிமிஷம் யாரோ என்று நின்றுவிட்டார். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, கண் மட்டும் பெரிசாக மின்னியது. பேச்சோ நிற்கவில்லை. வாசலில் ஆரம்பித்த பேச்சைக் காப்பி குடித்து முடிக்கிறவரைக்கும் மூச்சு விடாமல் பேசினார். சாப்பிடக் கூப்பிட்டால், "பசியே இல்லம்மே, ரெண்டு வாய் போதும்" என்று தட்டைத் தள்ளினார். அந்தத் தள்ளலில் ஒரு ராணி தோரணை இருந்தது.

சாயந்திரம் பையிலிருந்து ஒரு பழுப்புக் கண்ணாடி பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே ரோஸ் நிற மாத்திரைகள். பாட்டிலில் பெயர் இல்லை, சீட்டு இல்லை.

"மெட்ராஸ்ல ஒரு டாக்டர் குடுக்குறாரு. அவர் ஊட்டாண்ட காலைலயே கார் வரிசையா நிக்குது. காலைல ஒண்ணு போட்டா போதும், துன்னணும்ன்ற நெனப்பே வராது. உனக்கோசரம்தான் ஒரு பாட்டில் எக்ஸ்ட்ரா வாங்கியாந்தேன்."

"ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணாதா அண்ணி?"

"என்னப் பாரு. எனக்கு இன்னா பண்ணிச்சி?"

அதைச் சொன்னபோது அவர் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. நான் பார்த்தேன். வீட்டில் வேறு யாரும் பார்க்கவில்லை. அல்லது பார்க்க விரும்பவில்லை. "அக்காவப் பாத்து கத்துக்கோ" என்றார் என் வீட்டுக்காரர். மாத்திரை முழுங்குவதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்க நினைத்துக்கொண்டே, பாட்டிலைப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

அப்போது கும்மிடிப்பூண்டி பக்கம் ஒவ்வொன்றாக ஆலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. ஒரு ஆலையில் என் வீட்டுக்காரருக்கு ஸ்டோர்ஸில் குமாஸ்தா வேலை கிடைத்தது. நிலம் இருக்கிறவனுக்கு வேலையும் கிடைத்தால் வருகிற மிதப்பு இருக்கிறதே, அதை என்னவென்று சொல்ல! பேண்ட் தைத்துக்கொண்டார். வீட்டிலேயே இங்கிலீஷில் 'எஸ்' என்றார். ஆலை திறக்கிற பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். நான் கல்யாணப் புடவையை எடுத்து வெயிலில் காயவைத்தேன்.

பூஜைக்கு முதல் நாள் சொன்னார்: "ஆபீசருங்க பொண்டாட்டிங்கல்லாம் வருவாங்க. நீ கொழந்தைங்கள வச்சிக்கினு அங்க வந்து பேஜாரு. அக்கா வரட்டும்."

கல்யாணம் ஆனவன், பெண்டாட்டிக்குப் பதிலாக அக்காவை அழைத்துக்கொண்டு போனான். அண்ணியும் பெரம்பூரிலிருந்து வந்து அவரோடு போனார், பூ வைத்துக்கொண்டு. நான் காயவைத்த புடவையை மடித்து உள்ளே வைத்தேன். பிறகு பருப்பு டப்பாவை நகர்த்தினேன். தண்ணீர்கூட இல்லாமல் முதல் மாத்திரையை முழுங்கினேன்.

எட்டு நாள் சாப்பிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: முதல் நாலு நாள் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அதுதான் அசிங்கம். பசி எங்கே போனதென்று தெரியவில்லை. சோற்றைப் பார்த்தால் சுண்ணாம்பைப் பார்க்கிற மாதிரி இருந்தது. கை சும்மா இருக்கவில்லை. பித்தளைப் பாத்திரம் முழுவதையும் புளி போட்டுத் தேய்த்தேன். தேய்த்ததை மறுநாள் மறுபடியும் தேய்த்தேன். ஒரே முறம் அரிசியை மூன்று தரம் புடைத்தேன். மாமியாருக்கு ரொம்பத் திருப்தி. "இப்பதான் மருமவ மாரி கீறே" என்றார். அவர் என்னைப் பாராட்டியது கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அதுதான் முதல் தடவை, அதுவும் என்னை அல்ல, மாத்திரையை.

ஐந்தாம் நாளிலிருந்து வாய் உலர்ந்தது. படுத்தால் நெஞ்சு காதுக்குள் அடித்தது. தூக்கம் போய்விட்டது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

எட்டாம் நாள் என் மூத்த பெண், ஐந்து வயசு, மோர்ச் சாதத்தை அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். எப்போதும் அப்படித்தான் சாப்பிடுவாள். "சீக்கிரம் துண்ணு" என்றேன். சிரித்தாள். அறைந்தேன். ஒரு அறையல்ல. மாமியார் ஓடி வந்து கையைப் பிடித்தபோதுதான் நான் எத்தனை அடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை என்பது தெரிந்தது. குழந்தை அழவில்லை. யாரோ வேற்றாள் வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்தாள்.

மறுநாள் மாத்திரை போடவில்லை. அம்மா வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாட்டிலை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன். திருவள்ளூரில் இறங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் பொம்பளை டாக்டர் இருக்கிற அறைக்கு வெளியே, கர்ப்பிணிகள் வரிசையில் நின்றேன்.

அந்த அம்மாளுக்கும் மரியாதையாகப் பேச வராது. பாட்டிலைத் திறந்து ஒரு மாத்திரையை வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது என்ன?"

"இளைக்கிற மாத்திரைம்மா."

"அது செய்யற வேலை. பேர் என்ன?"

"தெரியாதும்மா."

"பேர் தெரியாத ஆளை வீட்டுக்குள்ள விடுவியா? வயித்துக்குள்ள விட்டிருக்கே. படிச்சவ மாதிரி வேற இருக்கே."

நாடியைப் பார்த்தார், நெஞ்சைக் கேட்டார். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது.

"பசியை அடக்கறதுக்கு இப்படி ஒரு ஜாதி மாத்திரை இருக்கு. நெஞ்சை ஓட ஓட விரட்டும். நிறுத்தினா பசி ரெட்டிப்பா வரும். அப்புறம் விட முடியாம மறுபடியும் போடுவே. உடம்பு இளைக்க மருந்து தேவைப்படற ஆளும் இருக்காங்க, இல்லேங்கலை. அதை ஒரு டாக்டர் பரிசோதனை பண்ணி, என்ன மருந்துன்னு எழுதி, கூட இருந்து பார்த்துக் கொடுக்கணும். பேர் இல்லாத பாட்டில்ல வாங்கிப் போடற விஷயமில்லே. சரி, ஒரு நாளைக்கு என்ன சாப்பிடறே, சொல்லு."

சொன்னேன். காலையில் பழையது, மத்தியானம் சோறு, ராத்திரி சோறு. சொல்லும்போது எனக்கே அது கொஞ்சமாகத்தான் பட்டது. அவர் விடவில்லை. "நடுவில?" என்றார். நடுவில் பிள்ளைகள் மிச்சம் வைத்தது. வீட்டுக்காரர் தட்டில் மிச்சம். மாமியார் 'வீணாப் போவுது' என்று தள்ளுகிற குண்டானில் மிச்சம். பானை அடியில் ஒட்டியது. நாலு வேளை காப்பி, வேளைக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை. கழுநீர்த் தொட்டிக்குப் போக வேண்டியதெல்லாம் என் வயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"மாடு இருக்கா வீட்ல?"

"ரெண்டு இருக்கும்மா."

"அப்ப அதுங்களுக்கு வை. நீ உட்கார்ந்து, உன் தட்டுல போட்டதை மட்டும் சாப்பிடு. காப்பில சர்க்கரையைக் குறை. தினம் காலைல ஒரு மணி நேரம் நட. மூணு மாசம் கழிச்சு வா. அடுத்தவங்களை வரச் சொல்லு."

இவ்வளவுதானா என்று இருந்தது. ஒரு ஊசிகூடப் போடவில்லை. திட்டு வாங்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேனா என்று பஸ்ஸில் அந்த டாக்டர்மேலும் எரிச்சல் பட்டுக்கொண்டே வந்தேன். அம்மா வீட்டுக்குப் போகவில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டில் மாமியார் குண்டானைத் தள்ளியபோது, அவர் கண் முன்னாலேயே அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டினேன்.

மாத்திரை விட்ட ஒரு வாரம் நரகம். டாக்டர் சொன்ன மாதிரியே பசி வந்தது. விடிந்தது முதல் சோறு, சோறு என்றே மனசு ஓடியது. ஒரு நாள் தோற்றேன். அரைப் பானை பழையதைத் தின்றுவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் மறுபடி என் தட்டில் போட்டது மட்டும்.

நடப்பதுதான் பெரிய கூத்து. எங்கள் ஊரில் பெண் காரணம் இல்லாமல் நடக்கக் கூடாது. முதல் நாள் ஏரிக்கரையில் போனேன். "இன்னாக்கா, எங்க போய்க்கினு கீற?" என்றான் ஒருவன். "சும்மாதான்" என்றேன். அந்தச் சும்மா என்கிற வார்த்தை ஊரைக் கலக்கிவிட்டது. புருஷனோடு சண்டை, ஏரியில் விழப் போகிறாள் என்று முடிவு கட்டி, ஒரு கிழவர் மூன்று நாள் ஐம்பதடி தள்ளி என் பின்னாலேயே வந்தார். "மானம் போவுது" என்றார் மாமியார். நாலாம் நாள் கையில் ஒரு அரிவாளும் சாக்கும் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒருவர் கேட்கவில்லை. புல்லுக்குப் போகிறவளை யார் கேட்பார்கள்? உழைக்கப் போனால் சரி, உடம்புக்காகப் போனால் தப்பு. இப்படிப்பட்ட ஊருக்கு அரிவாள்தான் பதில். வெறுங்கையோடு திரும்ப முடியாதே என்று புல்லும் அறுத்தேன். கழுநீரும் பச்சைப் புல்லும் சேர்ந்து, எங்கள் வீட்டில் முதலில் தெரிந்த மாற்றம் மாடு பெருத்ததுதான்.

நான் மெதுவாகத்தான் இளைத்தேன். மாசத்துக்கு ஒரு கிலோ இருக்கலாம், சில மாசம் அதுவும் இல்லை. வளையல் கழன்று விழுந்த அன்றைக்குத்தான் எனக்கே நம்பிக்கை வந்தது. வீட்டுக்காரர் கண்டுபிடிக்கப் பத்து மாசம் ஆயிற்று. "இளைச்சிட்டியா இன்னா? நான்தான் சொல்லிக்கினே இருந்தேனே!" என்றார். அவர் சொன்னாராம். அந்த மனிதருக்குப் பதில் சொல்லி என் வாயை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

இடையில் ஒரு தடவை அண்ணி வந்தார். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து, டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது.

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரில குந்திக்கினு கீறவளுக்கு இன்னா தெரியும்? நான் இளைச்சது உனக்குப் பொறுக்கல, அத்தச் சொல்லு."

போய்விட்டார். போகட்டும் என்றுதான் நினைத்தேன். எனக்கு அவர்மேல் இருந்த வெறுப்பில், அவருக்கு ஏதாவது ஆக வேண்டும் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

ஆனது. அந்த மெட்ராஸ் டாக்டர் ஒரு நாள் கதவைப் பூட்டிக்கொண்டு காணாமல் போனான். மாத்திரை தீர்ந்ததும் அண்ணி நாலு நாள் எழுந்திருக்காமல் தூங்கினாராம். எழுந்ததும் பசி. ஆறு மாசத்தில் இழந்த சதை எல்லாம் வந்து, மேலும் வந்தது. அவர் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். என்ன வார்த்தை என்று அண்ணி கடைசிவரை சொல்லவில்லை. பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாசம் இருந்தார். பேச்சே இல்லை. என் வீட்டுக்காரர், அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்ன அதே மனிதர், அக்கா வருகிற பக்கமே பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனார்.

ஒரு மத்தியானம் அடுப்படியில் அண்ணி நின்றபடி, சட்டியிலிருந்து கையால் அள்ளித் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்தார்.

"பசிக்குதுன்னு சொல்லவே வெக்கமா கீதும்மே" என்றார்.

எனக்கு வந்த கோபம் அவர்மேல் இல்லை. தட்டை எடுத்துப் போட்டு, சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் வைத்து, "குந்தி சாப்டுங்க அண்ணி" என்றேன். நானும் என் தட்டைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். மாமியார் எட்டிப் பார்த்தார். "இன்னா பாக்கறீங்க?" என்று கேட்டேன். தலையை இழுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அண்ணியும் என்னோடு ஏரிக்கரைக்கு வந்தார். பாதி தூரத்தில் மூச்சு வாங்கும், உட்காருவார். நான் அதற்குள் புல் அறுத்து முடிப்பேன். ஊருக்குப் போகும் முன் அவருடைய மூன்று ரவிக்கைகளைக் கொடுங்கள் என்று வாங்கி, பக்கத் தையலைப் பிரித்துத் தளர்த்தித் தைத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் நூலைக் கோத்துத் தரச் சொல்கிறபோதெல்லாம் விரல் நடுங்காமல் கோத்துத் தந்தார்.