கூரையில்லாத அரண்மனை

அலுமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணம் முகத்தில் அடித்தது. அடித்தட்டில் அந்த ஜப்பானிய ஓவியச் சுருள். கடலோர ரயில் ஓடும்போதெல்லாம் ஜன்னல் அதிரும் எங்கள் பழைய வெள்ளவத்தை வீட்டுக்கு மணம் என்னை இழுத்துக்கொண்டு போனது.

ஜப்பானில் வேலை செய்த அப்பா லீவில் கொண்டுவந்த சுருள் அது. மேசையில் ஒரு முழம் விரிப்பார். பார்த்ததைச் சுருட்டிக்கொண்டே அடுத்த முழத்தை விரிப்பார். மேலிருந்து எட்டிப்பார்ப்பதற்கென்றே கூரையில்லாமல் வரைந்த அரண்மனை. உள்ளே, கூந்தல் தரையில் வழிய, திரைமறைவில் சீமாட்டிகள்.

"இவ ஆர்?" என்று ஒருத்தியைத் தொட்டுக்காட்டி அம்மா கேட்டார்.

"அரண்மனைப் பொம்பிளையள். எல்லாருக்கும் ஒரே முகந்தான் கீறியிருக்கினம்."

"அப்ப ஆரை நினைச்சு வாங்கினனீங்கள்?"

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அந்த லீவில் அப்பா தூக்கத்தில் ஜப்பானிய மொழியில் முணுமுணுத்தார். அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று அம்மாவுக்குச் சந்தேகம்.

"கூரையைக் கழட்டிப் பாத்தாலும் மனசு தெரியுதில்லையே," என்றார் அம்மா, படத்தைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

மறுவாரம் லீவு முடிந்து விமானநிலையம் போக வாசலில் வான் வண்டி நின்றது. அப்பாவின் சட்டைக் கொலரை நேராக்கிவிட்டு அம்மா சொன்னார்:

"திரும்பி வர மனமில்லாட்டி பொய்க் காரணம் எழுதாதேங்கோ. எழுதாமலே விடுங்கோ, நான் விளங்கிக்கொள்ளுவன்."