மேடை முழுவதும் தெரியும் தூரம்

இந்த ஆண்டு (2007) பிப்ரவரியில் ஐரோப்பாவிலிருந்து ஒரு பாலே குழு புனேவுக்கு வந்தது. கோர்படி பக்கம் ஒரு திறந்த மைதானத்தில், ஒரே ஒரு மாலை நிகழ்ச்சி. நானும் என் மனைவி தேவகியும் சாங்வியிலிருந்து போய் வந்தோம். போக வர முப்பது கிலோமீட்டர்தான், இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். எங்களுக்கு அது வியன்னாவில் தொடங்கிய பயணத்தின் கடைசி முப்பது கிலோமீட்டர். ஆபீஸ் வேலையாக வெளிநாடு போகும் புனேக்காரர்கள் பலர் இந்த வலைப்பதிவைப் படிக்கிறீர்கள். அங்கே போய் பாலே பார்க்க நினைப்பவர்களுக்கு, அதிலும் வீட்டில் கண் சரியில்லாத ஒருவர் இருப்பவர்களுக்கு, உதவும் என்றுதான் எழுதுகிறேன். உற்சாகமான பதிவு வேண்டுமென்றால் போன மாதம் எழுதிய மகாபலேஷ்வர் பதிவைப் படித்துக்கொள்ளுங்கள்.

தேவகி கோர்படி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். பூர்விகம் ஆம்பூர் பக்கம். சின்ன வயதில் பக்கத்து வீட்டு கறுப்பு வெள்ளை டிவியில் எப்போதாவது பாலே போடுவார்களாம். வெள்ளை உடுப்பில் வரிசையாகப் பெண்கள் கால் விரல் நுனியில் வருவார்கள். எல்லாக் கால்களும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும். வீட்டில் மற்றவர்கள் இது என்ன கூத்து என்று எழுந்து போய்விட, இவள் மட்டும் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாளாம். எங்களுக்குக் கல்யாணமான புதிதில், 1996-இல், "உனக்கு எந்த ஊர் பாக்கணும்?" என்று கேட்டேன். "ஊரு எதுவா இருந்தா என்ன, அந்த டான்ஸை ஒரு தடவை நேர்ல பாக்கணும்" என்றாள்.

1999-இல் சினிமா தியேட்டரில் இரண்டு முறை படி தவறி விழுந்தாள். புனேயில் கண் மருத்துவர் சோதித்துவிட்டு விழித்திரையில் ஒரு பரம்பரை நோய் என்றார். முதலில் இருட்டில் தெரியாமல் போகும். பிறகு பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிஞ்சும், அந்த வட்டமும் சிறுத்துக்கொண்டே போகும். மருந்து என்ன என்று கேட்டேன். இல்லை என்றார். எத்தனை வருஷம் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

அதனால் 2002 இலையுதிர்காலத்தில் கம்பெனி என்னைப் பதினெட்டு மாதங்களுக்கு வியன்னா அனுப்பியபோது, நான் முதலில் விசாரித்தது வாடகை வீட்டை அல்ல, பாலே டிக்கெட்டை. கண் தெரியாதவர்களை முன்னால் உட்கார வைப்பதுதான் நம் வழக்கம். கல்யாணக் கச்சேரியானாலும் பள்ளிக்கூட ஆண்டு விழாவானாலும், "அவங்களுக்குக் கண்ணு சரியில்ல, முன்னாடி விடுங்க" என்போம். அப்படியே நான்காவது வரிசையில் இரண்டு டிக்கெட் எடுத்தோம். ஒன்று எழுபது யூரோ. அன்று தேவகி பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள்.

மேடை கை நீட்டினால் தொடலாம் போல இருந்தது. தேவகியோ தலையை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருந்தாள். பின்னால் இருந்தவர் இருமிக் காட்டினார். முடிந்து டிராமில் வரும்போது, "எப்படி இருந்துச்சு?" என்றேன். "அச்சாதான் இருந்துச்சு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நிறுத்தம் கழித்துச் சொன்னாள்: "காலைப் பாத்தா மூஞ்சி இல்லீங்க. மூஞ்சியைப் பாத்தா கால் இல்ல. எல்லாரும் ஒண்ணா ஆடறாங்களான்னே எனக்குத் தெரியல."

அடுத்த தடவை நின்றுகொண்டு பார்க்கும் டிக்கெட் எடுத்தோம். கையில் காசு இல்லை, அதுதான் காரணம். வியன்னாவின் பெரிய அரங்கில் நிற்பவர்களுக்கென்று தனி வாசலும் தனி வரிசையும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, கூரைக்கு அடியில் உள்ள கேலரியில் நிற்க இரண்டே யூரோ. நிகழ்ச்சிக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய் வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே போனதும் ஓடாத குறையாகப் போய் நமக்கு வேண்டிய இடத்தில் கம்பியில் ஒரு ஸ்கார்ஃபைக் கட்டிவிட வேண்டும். கட்டியாகிவிட்டால் அது நம் இடம். வெளியே போய்க் காபி குடித்துவிட்டு வரலாம், யாரும் தொட மாட்டார்கள்.

எல்லோரும் கட்டுவதைப் பார்த்துவிட்டு, ஸ்கார்ஃப் இல்லாத தேவகி தன் துப்பட்டாவை எடுத்துக் கட்டினாள். லோனாவ்லா லோக்கல் ரயிலில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிறவர்கள் நாங்கள். எங்களுக்கா இதைச் சொல்லித்தர வேண்டும்? இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். வியன்னாவில் நாங்கள் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

திரை விலகியது. தேவகி தலையைத் திருப்பவே இல்லை. கொஞ்ச நேரத்தில் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ஏங்க, முழுசாத் தெரியுது."

"எது?"

"எல்லாம். இந்த மூலையிலருந்து அந்த மூலை வரைக்கும். எங்க பக்கத்து வீட்டு டிவி மாதிரியே இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளிடம் மிஞ்சியிருந்த வட்டத்துக்குள் மேடை அடங்க வேண்டுமானால், மேடை சின்னதாகத் தெரிய வேண்டும். அதற்கு நாங்கள் தள்ளிப் போக வேண்டும். அந்த அரங்கிலேயே மட்டமான டிக்கெட்தான் அவளுக்கு உசத்தியான டிக்கெட்.

அந்தக் குளிர்காலம் முழுக்கப் போனோம். என்ன பாலே என்றுகூடப் பார்ப்பதில்லை. நடனம் இருந்தால் போனோம். உள்ளே விளக்கு எரியும்போதே போய் நின்றுவிடுவோம், எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாக இறங்குவோம். இருட்டில் படி தெரியாதவர்களுக்கு அதுதான் வசதி.

2003 டிசம்பரில் ஒரு நாள், "அந்த வரிசையில இந்தக் கடைசிப் பொண்ணு எங்க போச்சு?" என்று கேட்டாள். அந்தப் பெண் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர் காணாமல் போனார்கள். நாங்கள் ஊர் திரும்புவதற்கு முன் கடைசியாகப் போனபோது, "இன்னும் கொஞ்சம் பின்னாடி போலாமா?" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது. எட்டு மணி நேர விமானப் பயணம் முழுவதும் அந்தச் சுவர்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

புனே வந்த பிறகு பாலேவைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. தேவகி வேலையை விட்டாள், பிறகு அடுப்பை விட்டாள், பிறகு தனியாகக் கீழே இறங்குவதை விட்டாள். ஒரு வெள்ளைக் கோல் வாங்கினோம். இந்த நிலைமையில்தான் இந்த ஆண்டு ஜனவரியில், ஔந்தில் ஒரு கடை வாசலில், பாலே விளம்பரம் பார்த்தேன். திறந்த மைதானம் என்று போட்டிருந்தது. திறந்த மைதானத்தில் சுவர் கிடையாது.

நான் என்ஜினியர், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. மருத்துவர் அளந்து கொடுத்த கோணம் என்னிடம் இருந்தது. மேடை நாற்பதடி அகலம் என்று ஏற்பாட்டாளர்களிடம் போனில் கேட்டுக்கொண்டேன். நூற்று நாற்பது மீட்டர் தள்ளிப் போனால் மேடை முழுவதும் அவள் வட்டத்துக்குள் வந்துவிடும். நிகழ்ச்சிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் போய் மைதானத்தைப் பார்த்தேன். பின்னால் மரங்கள் வரை நூற்றைம்பது மீட்டர் இருந்தது. தேவகியிடம் சொன்னேன். "அந்தத் துப்பட்டா இன்னும் பெட்டியில இருக்கா பாருங்க" என்றாள்.

மாலை ஐந்து மணிக்கு சாங்வியில் ஆட்டோ பிடித்தோம். ஔந்த், பல்கலைக்கழகச் சந்திப்பு, ஸ்டேஷன், கேம்ப் வழியாக ஒன்றேகால் மணி நேரம், தொண்ணூற்றைந்து ரூபாய். கோர்படி ரயில்வே கேட் வழக்கம்போல மூடியிருந்தது. ஆட்டோக்காரர் என்ஜினை அணைத்துவிட்டு, "பந்த்ரா மினிட் தோ கயா, சாப்" என்று கைகளை விரித்தார். பதினைந்து நிமிடம் போச்சு என்று அவர் சொன்னதை தேவகி நம்பவில்லை.

"இது கூட்ஸுங்க. பத்து நிமிஷம்தான். எங்கப்பா இந்த கேட்டுக்கு அந்தப் பக்கந்தான வேலை செஞ்சாரு" என்றாள். பத்து நிமிடத்தில் கேட் திறந்தது. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

மைதானத்தில் கடைசி வகுப்பு டிக்கெட் முந்நூறு ரூபாய். அதைத்தான் வாங்கினேன். வாசலைத் தாண்டியதுமே சிக்கல் ஆரம்பித்தது. வெள்ளைக் கோலைப் பார்த்துவிட்டு ஒரு வாலண்டியர் பெண் ஓடி வந்தாள். "ஆன்ட்டி, ஆப் ஆகே ஆயியே" என்று தேவகியின் கையைப் பிடித்து முன்வரிசை சோபாவுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். முக்கியப் பிரமுகர்கள் யாரோ வராமல் அந்த சோபாக்கள் காலியாகக் கிடந்தன. தேவகி, "நஹி பேட்டி, பீச்சே, பீச்சே" என்று கெஞ்சினாள். கண் தெரியாதவர் பின்னால் போக வேண்டும் என்கிறாரே என்று அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். கூட வந்த புருஷன்காரன் சரியில்லை என்று நினைத்திருப்பாள். ஆங்கிலத்தில் விளக்கினேன், இந்தியில் விளக்கினேன். தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர் பாட்டில் ஒன்று கொடுத்துவிட்டுப் போனாள்.

நாங்கள் நாற்காலிகளைத் தாண்டி, பேல்பூரிக் கடையைத் தாண்டிப் பின்னால் நடந்தோம். அங்கே இருந்த செக்யூரிட்டியும் தன் பங்குக்கு, "ஆகே காலி ஹை, ஆகே ஜாயியே" என்று மேடைப் பக்கம் கை காட்டினார். அன்று அந்த மைதானத்தில் எங்களிடம் கெட்ட எண்ணத்தோடு நடந்துகொண்டவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் அவளை முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தார்கள்.

மரங்களுக்குச் சற்று முன்னால் மூங்கில் தடுப்பு ஒன்று கட்டியிருந்தார்கள். நான் அடி எண்ணி நடந்து வந்திருந்தேன். ஏறக்குறைய நான் போட்ட கணக்குத்தான். தேவகி மூங்கிலைத் தடவிப் பார்த்து, துப்பட்டாவை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கமாகக் கட்டினாள். அங்கே இடத்துக்குப் போட்டிக்கு ஆளே இல்லை. ஆனாலும் கட்டினாள்.

ஆறே முக்காலுக்குத் திரை விலகியது. ஒலிபெருக்கியில் இசை கரகரத்தது. முதல் காட்சி முடியும்வரை நான் எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது காட்சியில் வெள்ளை உடுப்பில் பெண்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வரிசையாக வந்து மேடையை நிறைத்தார்கள். அவள் சின்ன வயதில் டிவியில் பார்த்ததாகச் சொன்ன அதே மாதிரிக் காட்சி. என்னால் அடக்க முடியவில்லை.

"தெரியுதா?"

"ம். மேடை முழுசாத் தெரியுது. இந்த மூலை, அந்த மூலை. உங்க கணக்கு சரிதாங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்:

"ஆனா மேலே யாரும் இல்லையே. எப்ப வருவாங்க?"

மேடையில் அப்போது இருபது பேருக்குக் குறையாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். வட்டத்தின் அகலத்தை மட்டும்தான் நான் கணக்கில் எடுத்திருந்தேன். வட்டத்தின் நடுவும் மங்கிக்கொண்டு வருவதை மருத்துவர் சொல்லியிருந்தார், அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தூரத்தில் ஆட்கள் அவளுக்கு இல்லவே இல்லை. முன்னால் போனால் மேடை இல்லை. நடுவில் அவளுக்கென்று ஓர் இடம் இந்த உலகத்தில் இனிமேல் கிடையாது.

"வருவாங்க" என்றேன்.

அவள் ஒன்றும் தெரியாதவள் இல்லை. சுற்றிலும் கைதட்டல் எழுந்ததும் புரிந்துகொண்டாள். "ஆடிட்டுதான் இருக்காங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். எதையாவது சொல்லித் தேற்ற வேண்டுமே என்று, "பாட்டாவது நல்லாக் கேக்குதில்ல?" என்றும் சொல்லித் தொலைத்தேன்.

"பாட்டு வேணும்னா கேசட் போட்டுக் கேட்டிருப்பேனே. எனக்குப் பாக்கணுங்க."

இடைவேளைக்கு முன்பே கிளம்பினோம்.

இனி வழக்கமான குறிப்புகள். வியன்னாவில் நின்று பார்க்கும் டிக்கெட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள், தட்டையான செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். பார்வை வட்டம் சுருங்கியவர்களுக்கு முன்வரிசை வேண்டாம். எவ்வளவு பின்னால் முடியுமோ அவ்வளவு பின்னால் நில்லுங்கள். காசு சேரட்டும், குழந்தை பெரிதாகட்டும், அடுத்த புராஜெக்ட் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். கோர்படி கேட்டுக்குக் கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கருத்துரைப் பகுதியில் யாரும் ஆறுதல் எழுத வேண்டாம், நான் அவளுக்குப் படித்துக் காட்டப் போவதில்லை.

இன்னொன்று. இடம் பிடிக்கக் கட்டும் துணியைச் சுலபமாக அவிழும்படி கட்டுங்கள். அன்று தேவகி போட்டிருந்த முடிச்சு இறுகிப் போயிருந்தது. பேல்பூரிக் கடையின் வெளிச்சத்தில் நான் கொஞ்ச நேரம் போராடிப் பார்த்துவிட்டு, "வரல, விட்டுட்டுப் போயிடலாமா?" என்றேன்.

"விட்டுட்டுப் போனா நம்ம இடம்னு ஆயிடும். அவுத்துருங்க" என்றாள்.

அவிழ்த்தேன்.