மாசிகத்துக்கு முந்தைய நாள், ருஸ்தாக்கில்

2005 ஜூலை, இரண்டாம் வெள்ளிக்கிழமை. சோஹாரிலிருந்து விடியற்காலையில் புறப்பாடு. வாகனம் ஒன்று. பயணிகள் மூவர்: நான், துறைமுகத்தில் பணிபுரியும் நண்பர், அவருடைய மனைவி. சோஹார் கோட்டை வெளியிலிருந்து பார்க்கப்பட்டது. சஹம் அருகே சாலையோரக் கடையில் நண்பர் காலை உணவு உண்டார். பின்னர் ருஸ்தாக் கோட்டை, வெந்நீர் ஊற்று. மதிய உணவு மலையடிவாரத்தில், ஓமானி நண்பர் ஒருவரின் பேரீச்சைத் தோட்டத்தில். நிழலில் வெப்பம் நாற்பத்தாறு பாகை. மாலையில் வீடு திரும்பினோம். மறுநாள் என் மனைவியின் நான்காம் மாசிகம், இறந்தவர்க்கு முதல் ஆண்டில் மாதந்தோறும் செய்யும் சடங்கு.

நடந்தது இவ்வளவுதான். இதில் பிழை எதுவும் இல்லை என்று அன்றும் கருதினேன், இன்றும் கருதுகிறேன். சென்னையிலிருந்து சோஹார் வரை பலர் வேறு விதமாகக் கருதியதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

சோஹாரில் ஒரு கல்லூரியில் நீரியல் கற்பிக்கிறேன். ஜூலை வந்தால் எங்கள் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் அனைத்தும் ஊருக்குப் பறந்துவிடும். தொழிற்பேட்டைக் கேம்ப்களில் லீவு கிடைக்காத தொழிலாளர்களும், வீட்டு ஜன்னல்களில் ஓய்வின்றி இரையும் ஏசிகளும்தான் மிச்சம். என் மனைவி மட்டும் ஜூலையில் ஊருக்கு வர மறுத்துவிடுவாள். ஊருக்கு டிசம்பரில் போகலாம், பேரீச்சை ஜூலையில்தான் பழுக்கிறது என்பது அவள் வாதம். எனவே ஒவ்வோர் ஆண்டும் ஜூலையின் இரண்டாம் வெள்ளிக்கிழமையை அவள் இதற்கென்று குறித்து வைத்திருந்தாள். அந்த நாளுக்கு அவளே விதிகளும் வகுத்திருந்தாள். உச்சி வெயிலில் ஏதாவது ஓர் இடத்தைப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து எந்த உணவும் எடுத்துச் செல்லக் கூடாது. போகிற இடம் என்ன தருகிறதோ அதைத்தான் உண்ண வேண்டும். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு பயணம் போகிறவர்கள் உண்மையில் வீட்டை விட்டுக் கிளம்புவதே இல்லை என்பாள்.

அந்த மார்ச்சில் அவள் இறந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே காரியங்களைச் செய்ய வேண்டிய கர்த்தா நானே ஆனேன். கர்த்தாவுக்கு ஓராண்டு விதிகள் உண்டு. அவற்றில் முக்கியமானது பரான்னம் கூடாது என்பது, அதாவது பிறர் வீட்டில் உண்ணக் கூடாது. மாசிகத்துக்கு முதல் நாள் இன்னும் கண்டிப்பு. அன்று ஒரே வேளைதான் சோறு. சென்னையிலிருந்து என் அண்ணா இந்த விதிகளை வாரந்தோறும் தொலைபேசியில் நினைவூட்டி வந்தார். ஜூலைப் பயணத்தைப் பற்றி நானாகத்தான் அவரிடம் சொன்னேன். ஒளிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"ஒரு வருஷம்டா. ஊர் சுத்தறதுக்கு ஒரு வருஷம் பொறுக்க முடியாதா உனக்கு?" என்றார்.

ஊர் சுற்றவில்லை, அவள் குறித்து வைத்த நாளைக் கடைப்பிடிக்கிறேன் என்றேன். சாஸ்திரத்தில் அப்படி ஒரு நாள் கிடையாது என்றார். எங்கள் வீட்டில் உண்டு என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

இந்தச் செய்தி எப்படியோ நண்பர் வீட்டை எட்டியது. வேலை காரணமாக அந்த ஜூலையில் அவர்களும் ஊருக்குப் போகவில்லை. நண்பர் என்னைவிட இருபது வயது இளையவர். அவர் மனைவி என்னை மாமா என்றும் என் மனைவியை மாமி என்றும் அழைப்பவள். துயரத்தில் இருப்பவரைத் தனியே விடக் கூடாது என்று முடிவு செய்து இருவரும் விடியற்காலையில் காருடன் வாசலில் நின்றார்கள். பின்னிருக்கையில் ஒரு பெரிய ஐஸ் பெட்டி இருந்தது. அதனுள் புளியோதரை, தயிர்சாதம், மாங்காய், வீட்டில் காய்ச்சிய தண்ணீர். என் ஒரு வேளைச் சாப்பாட்டைப் பத்திரமாக என்னுடன் அனுப்பும் ஏற்பாடு அது. அன்பினால் செய்யப்பட்டது என்பதை நான் அறிவேன். அந்தப் பெட்டியைத் திறக்கப்போவதில்லை என்பதையும் அறிவேன்.

ஒரு வேளை என்ற விதியை நான் மீற எண்ணவில்லை. அந்த ஒரு வேளை எங்கே என்பதுதான் கேள்வி.

சோஹார் கோட்டை வெள்ளிக்கிழமை காலையில் திறப்பதில்லை. சூரியன் கடலிலிருந்து எழுந்து அந்த வெள்ளைச் சுவரைக் கண் கூசச் செய்யும் வரை சாலையோரம் நின்றோம். நண்பர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பார்த்தாகிவிட்டதா என்று இருமுறை கேட்டார். சஹம் கடையில் சுடுகல்லில் மாவை உள்ளங்கையால் தேய்த்து, காகிதம் போன்ற மெல்லிய ரொட்டி சுடுகிறார்கள். மேலே பாலாடைக்கட்டியும் தேனும் தடவி மடித்துத் தருவார்கள். நண்பர் இரண்டு வாங்கினார். இரண்டாவதை என்னிடமிருந்து சற்றுத் திரும்பி நின்று தின்றார். நான் பாலில்லாத தேநீர் குடித்தேன்.

ருஸ்தாக் கோட்டையின் மண்நிறச் சுவர்களுக்குள் ஒரு நீர்க்கால் ஓடுகிறது. மலையடியிலிருந்து நிலத்தடிச் சுரங்கம் வழியாக, பம்பு எதுவும் இன்றி, சரிவின் கணக்கு ஒன்றை மட்டும் நம்பி வரும் நீர். ஒவ்வோர் ஆண்டும் அதன் சரிவைப் பற்றி நான் விளக்கத் தொடங்குவேன், அவள் பாதியில் கையைத் தண்ணீருக்குள் விடுவாள். அன்று விளக்கம் கேட்க ஆளிருந்தது. நண்பர் மிகுந்த மரியாதையுடன் முழுவதும் கேட்டார். நான் சீக்கிரம் முடித்துக்கொண்டேன்.

அடுத்தது வெந்நீர் ஊற்று. அந்த வெயிலில் ஆவி பறக்கும் நீரில் கால் வைக்கும் மூடர்கள் எங்களைத் தவிர எவரும் இல்லை.

"சார், ஜூலைல நம்ம வீட்டு டேப்பைத் திறந்தாலே இதுதானே வருது. இதுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல டிரைவ் பண்ணணுமா?" என்றார் நண்பர்.

அவர் மனைவி அவரை முறைத்தாள். நான் சிரித்தேன். மார்ச்சுக்குப் பிறகு அவர்கள் முன்னால் நான் சிரித்தது அதுவே முதல் முறை என்பது அவர்கள் முகத்திலிருந்து தெரிந்தது.

தோட்டத்துக்கு உரியவர் எங்கள் கல்லூரியில் விசா, ஆவண வேலைகளைப் பார்த்து ஓய்வு பெற்றவர். அரபும் இந்தியும் கலந்து பேசுவார், என்னை உஸ்தாத், அதாவது ஆசிரியர், என்று அழைப்பார். அவர் ஓய்வு பெற்ற பின் எங்கள் தொடர்பு ஆண்டுக்கு ஒரு முறை, அந்த ஒரு நாளில் மட்டும்தான். ஆகவே அவருக்கு எதுவும் தெரியாது. சொல்லாமலே திரும்பிவிடலாம் என்று நண்பர் காரில் யோசனை கூறினார். தானே தனியே அழைத்துச் சொல்லிவிடுவதாகவும் கூறினார். இரண்டும் வேண்டாம், அது என் வேலை என்றேன்.

நாங்கள் போனபோது பேரீச்சை வேக வைத்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் நிறக் காய்களைப் பெரிய தாமிரக் கொப்பரைகளில் கொதிக்க வைத்து, பாய்களில் பரப்பி உலர்த்துவார்கள். மரங்களுக்கிடையே கரும்புப் பாகு காய்ச்சுவது போன்ற வாசனை. அவர் என் கையைப் பற்றிக்கொண்டு எனக்குப் பின்னால் பார்த்தார். காரிலிருந்து இறங்கிய பெண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மேடம் கிதர், உஸ்தாத்?"

இங்கே இல்லாத எதற்கும் ஒரே சொல் உண்டு, மாஃபி. தண்ணீர் மாஃபி, டியூட்டி மாஃபி, வண்டி மாஃபி. அதை அவளுக்குப் பயன்படுத்த நான் விரும்பவில்லை. முந்தைய இரவே சரியான அரபு வாக்கியத்தை அகராதியில் தேடி வைத்திருந்தேன். அதைச் சொன்னேன். உச்சரிப்பும் பிழையின்றி வந்தது.

அவர் என் கையை விடவில்லை. இறைவனிடமிருந்து வந்தோம், அவனிடமே திரும்புகிறோம் என்ற அவர்களது வாசகத்தைத் தாழ்ந்த குரலில் கூறினார். வீட்டுக்குள் பெண்களின் பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது.

அந்த வீட்டில் ஆண்கள் வெளிக்கூடத்திலும் பெண்கள் உள்ளேயும் உண்பார்கள். நாங்கள் இறைச்சி உண்ணாதவர்கள் என்பதால் எங்களுக்கென்று ஒரு தனிப் பானை. உலர்ந்த எலுமிச்சை போட்ட சோறு, பருப்பு, மோர், புதிய பேரீச்சம்பழம். ஒவ்வோர் ஆண்டும் வெளிக்கூடத்தில் எனக்கு ஒரு தட்டம், உள்ளே பெண்கள் வட்டத்தில் என் மனைவிக்கு ஒரு தட்டம். சற்று நேரத்தில் வீட்டுக்காரரின் மனைவி கதவருகே வந்து நின்றாள். இத்தனை ஆண்டுகளில் அவளை நேரில் பார்த்தது அன்றுதான். நாங்கள் வரும் நாளென்று காலையிலேயே மேடத்தின் தட்டத்தை எடுத்து வைத்துவிட்டதாகவும், இப்போது அதை என்ன செய்வதென்று தெரியவில்லை என்றும் கணவரிடம் சொன்னாள். அவர் அதை இந்தியில் எனக்குச் சொன்னார்.

அதை எனக்குத் தரச் சொன்னேன். என் தட்டம் வேண்டாம், அது போதும் என்றேன்.

நண்பரின் மனைவி என் பக்கத்தில் வந்து தமிழில், தணிந்த குரலில் பேசினாள். "மாமா, நாளைக்கு மாசிகத்தை வெச்சுண்டு இன்னொருத்தர் ஆத்துல சாப்பிடலாமா? கரண்டிகூட கறிக்குப் போட்ட அதே கரண்டியா இருக்கும். பெட்டில எல்லாம் இருக்கு மாமா. இவா கோவிச்சுக்க மாட்டா, நான் சொல்லிக்கறேன்."

"நாளைக்கு எள்ளும் தண்ணியும் விட்டு, நான் போடறது அவளுக்குப் போய்ச் சேரறதுன்னு சொல்லப்போறேன்," என்றேன். "நம்பித்தான் சொல்லப்போறேன். அப்போ இன்னிக்கு அவளுக்குன்னு வெச்ச சாதத்தை வேண்டாம்னு தள்ள எனக்கு யார் அதிகாரம் குடுத்தா?"

தட்டம் வந்தது. பாயில் உட்கார்ந்து உண்டேன். எலுமிச்சை சற்றுக் கசந்தது, பருப்பு நன்றாக வெந்திருந்தது. ஒரு பருக்கையும் மீதி வைக்கவில்லை. நண்பர் எதிரே உட்கார்ந்து, எனக்கென்று வைத்திருந்த தட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இதற்கிடையில் வீட்டுக்காரரின் மனைவி நண்பரின் மனைவியைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். ஐஸ் பெட்டியும் கூடவே போயிற்று.

திரும்பும் வழியில் பாதி தூரம் வந்தோம். பிறகு பின்னிருக்கையிலிருந்து குரல் வந்தது.

"புளியோதரை காலி மாமா. கேட்டுக் கேட்டு வாங்கிண்டா."

"நீ என்ன சாப்பிட்டே?" என்றார் நண்பர்.

"மாமி உக்கார்ற இடத்துலதான் என்னை உக்கார வெச்சா. நான் எப்படி வேண்டாம்னு எழுந்து வருவேன்?"



மறுநாள் மாசிகம் செய்துவைக்க மஸ்கட்டிலிருந்து வாத்தியார் வந்தார். முதல் நாள் நியமங்கள் சரியாக இருந்தனவா என்று வழக்கம்போலக் கேட்டார். ஒரு வேளைதான் உண்டேன், அதுவும் பிறர் வீட்டில் என்றேன். அவர் தர்ப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சற்று யோசித்தார். பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு சின்னப் பிராயச்சித்தம் பண்ணிவிட்டுத் தொடங்கலாம் என்றார்.

"அது தப்புப் பண்ணினவா பண்றது," என்றேன். "நான் பண்ணலை."

வாத்தியார் எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். அப்படிப் போயிருந்தால், தெரிந்த மந்திரங்களைக் கொண்டு நானே செய்து முடித்திருப்பேன். அவர் போகவில்லை.

"சரி, உக்காருங்கோ," என்றார். "எள்ளு எங்கே?"

அன்று மாலை அண்ணாவிடமும் சொன்னேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். சோறும் பருப்பும் என்றேன். ஆண்டு நிறைவுச் சடங்கான வருஷாப்திகம் முடிந்ததும் வேலையை விட்டுச் சென்னைக்கு வந்துவிட வேண்டும், அங்கே தனியாக இருப்பதால்தான் புத்தி இப்படிப் போகிறது என்றார். வரப்போவதில்லை என்று அப்போதுதான் முடிவு செய்தேன். அதையும் அப்போதே சொல்லிவிட்டேன்.

இன்னும் செய்யாமல் நிற்பவை:

பிராயச்சித்தம்.

அண்ணாவை நானாக அழைத்துப் பேசுவது.

அவளுடைய குடியிருப்பு அட்டையைக் குடிவரவு அலுவலகத்தில் ஒப்படைப்பது. இருமுறை கேட்டுவிட்டார்கள்.

சென்னையில் பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பார்ப்பது.

ஊருக்குப் போக, அடுத்த ஜூலைக்கான லீவு விண்ணப்பம். அதை எழுதும் எண்ணம் இல்லை.