வீடு என்று குறித்த இடம்

எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளாது. பள்ளியில்கூட பெஞ்சின் ஓர இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வேன், எழுந்து ஓட வசதியாக. அந்தக் குணத்துக்கு ஏற்ற வேலை முப்பது வயதுக்கு மேல்தான் அமைந்தது. மும்பை விக்ரோலியில் ஒரு சந்தை ஆய்வு அலுவலகம். எந்தத் தொழிலில் எந்த மேப் மென்பொருள் அதிகம் ஓடுகிறது என்று ஊரெல்லாம் அலைந்து கேட்டு, ஒரு அட்டவணை தயாரிக்கச் சொன்னார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, அலைந்தேன். செம்பூரில் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் ஆர்டர் எடுக்க ஒரு மேப், வழி பார்க்க வேறொரு மேப் என்று இரண்டு வைத்திருந்தார்கள். பில்டர் ஆபீஸில், கட்டிடத்தின் மாடியெல்லாம் எழும்பி நிற்கிற விலையுயர்ந்த ஒன்று. அதை வாடிக்கையாளருக்குக் காட்டுவதோடு சரி; சைட்டுக்குப் போக மேஸ்திரிக்குத்தான் போன் போடுவார்கள். இன்ஷூரன்ஸ்காரர்களிடம் வெள்ளம் வரும் இடங்களுக்கு நீலம் பூசிய மேப் இருந்தது. குர்லாவில் ஒரு கூரியர் குடோனில் வாங்கிய மென்பொருளின் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லை. சுவரில் ஒட்டிய, கையால் வரைந்த தாளைப் பார்த்துத்தான் வண்டிகள் கிளம்பின. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். என் ஏட்டிலும் ஒரு சுரைக்காய் இருந்தது அப்போது தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் ஓட்டும் ஒருவரையும் பார்த்தேன். கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் அவராகவே இந்தியில் ஒன்று சொன்னார். எந்த மேப்பாக இருந்தாலும் தெருமுனை வரைக்கும்தான் மேடம், அதற்குப் பிறகு போன். போனை எடுக்கவில்லையென்றால் நாங்கள் குருடர்கள். அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை. நோட்டில் மட்டும் குறித்துக்கொண்டேன்.

என் வீட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நாங்கள் தாராவி. அப்பா இறந்த பிறகு நானும் அம்மாவும் மட்டும், ஒரு ஆள் போனால் எதிரில் வருகிறவர் ஒதுங்க வேண்டிய சந்தில் இருக்கிறோம். ஆனால் அலுவலகத்தில் கேட்டால், பாலத்துக்கு அந்தப் பக்கம் வசதியானவர்கள் இருக்கும் மாட்டுங்கா என்பேன். எங்கள் சந்தில் பாதிப் பேர் அப்படித்தான்: வேலை கேட்கப் போனால் சயான், சம்பந்தம் பேசினால் மாட்டுங்கா. தாராவி என்று போட்டால் டாக்ஸிக்காரர் கேன்சல் செய்துவிடுவார் என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட சாக்கு. உண்மையான காரணம் வெட்கம். அதனால் போன் மேப்பில் 'வீடு' என்று மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துப் பூக்கடை வரிசையைக் குறித்துவைத்திருந்தேன். ஆபீஸ் கார் அங்கே இறக்கிவிடும். கார் திரும்பும் வரை பூ வாங்கிக்கொண்டு நின்றுவிட்டு, பாலம் ஏறி நடந்து வீட்டுக்குப் போவேன். எத்தனை முழம் பூ அப்படி வீணாய்ப் போயிருக்கும்.

அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. அவள் போனில் ஒரு ஆம்புலன்ஸ் செயலியை ஏற்றி, "இந்தச் சிவப்ப அமுக்கினா வண்டி வந்துரும்" என்று அம்மாவுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் காட்டிக்கொடுத்தேன். அவசரக்காரி அல்லவா, புதுக் கணக்குத் தொடங்கப் பொறுமையில்லை. என் கணக்கையே அதில் போட்டேன். என் நம்பரோடு என் 'வீடு'ம், வண்டி வரவேண்டிய இடமாக, அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அட்டவணையை மேலதிகாரிகளுக்கு விளக்கிய மத்தியானத்தில்தான் அம்மா சமையலறையில் சரிந்தாள். அக்கா சிவப்பை அமுக்கிவிட்டு, சந்து முனைக்கு ஓடி சைரனுக்காகக் காத்திருக்கிறாள். வண்டி பூக்கடை வரிசையில் நின்றது. ஓட்டுநர் எனக்குப் போன் அடித்திருக்கிறார், அக்காவும் அடித்திருக்கிறாள். நான் போனைச் சத்தமில்லாமல் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் துறையில் எந்த மேப்புக்கு முதலிடம் என்று பேசிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து போனைத் திருப்பினேன். தெரியாத நம்பரிலிருந்து ஏழு அழைப்பு. அதற்குள் சந்து ஆட்கள் அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கி மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோய் டாக்ஸியில் ஏற்றியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர், பக்கவாதம், கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் கை தப்பித்திருக்கும் என்றார். ஏன் தாமதம் என்று அவர் கேட்டார். மேப் தப்பாகக் காட்டிவிட்டது என்றேன். யோசிக்காமல் வந்த பொய். அதே பொய்யை அம்மாவிடமும் சொன்னேன்.

மூன்று வாரத்தில் அம்மா வீடு திரும்பினாள். பேச்சு தெளிந்தது, வலது கை தெளியவில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "மேப்பு தப்பாக் காட்டிட்டுதாம். எம் மவளுக்கு அதான வேல, அவளே சொல்லுதா" என்று பெருமையும் குறையுமாகச் சொன்னாள். நான் டம்ளரை எடுப்பேன், வைப்பேன், வாசலுக்குப் போவேன், திரும்ப வருவேன். இரவல் வாங்கிய நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் தெருவை இரண்டு முறை சுற்றுவேன். அந்தப் பேச்சு நடக்கிற அறையில் என்னால் நிற்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவளுக்கு இட்லி பிட்டு ஊட்டும்போது சொல்லிவிட்டேன்.

"மேப் தப்பில்லம்மா. நான் மாட்டுங்கான்னு போட்டு வச்சிருந்தேன். வண்டி அங்க போயிட்டு."

அம்மா மென்று விழுங்கினாள்.

"எனக்குத் தெரியும்ட்டி. டிரைவரு மாட்டுங்காவுல நின்னாருன்னு அக்கா போனப் பாத்துட்டு ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டா."

"அப்ப ஏன் எல்லார்ட்டயும் மேப்பு மேப்புன்னு சொன்ன?"

"ஒன்னய எவளும் ஒரு சொல்லு சொல்லிரக் கூடாதுல்லா. ஒன் ஸ்கூல் பாரத்துல மொதல்ல மாட்டுங்கான்னு எழுதுனது நான்தான."

எனக்கு அழுகை வந்தது. கையைக் கழுவிவிட்டு அவள் போனை எடுத்தேன். 'வீடு' பூக்கடை வரிசையிலேயே இருந்தது. விரலால் தள்ளித் தள்ளி, பாலம் தாண்டி, எங்கள் சந்துக்குக் கொண்டுவந்தேன். மேப்பில் சந்தே கிடையாது, வெறும் சாம்பல் நிறம். கூரைகளை எண்ணி ஒரு புள்ளியை வைத்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, அத மாத்தாத. அடுத்த மாசம் ஒன்னயப் பொண்ணு பாக்க வாராவ. மாட்டுங்கான்னுதான் சொல்லி வச்சிருக்கேன்."

தடுப்பதற்கு வலது கையை நீட்டினாள். அது பாதி எழும்பி மடியில் விழுந்தது. நான் 'சேமி'யை அமுக்கினேன்.