பாறைக்குப் பின்னால் ஒரு தொழுகை

கல்முனையில் நான் ஆசிரியை. நோர்வேயிலுள்ள தம்பியின் மகள் றிஸ்னா, தான் வேலை செய்யும் ஆர்க்டிக் பயணக் கப்பலில் ஒரு விடுமுறைக்கு என்னை அழைத்துப் போனாள்.

பனித்தீவொன்றில் இறங்கியபோது, "கூட்டத்த உட்டு விலகாதீங்க மாமி" என்றாள். நண்பகல் தொழுகையான ளுஹரின் நேரம் வந்ததும், ஆட்கள் முன் தொழக் கூச்சப்பட்டுப் பாறைக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பினால், பனிக்கரடியொன்று குட்டியோடு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. எங்களோடு துப்பாக்கியுடன் வந்த வழிகாட்டி வானத்தை நோக்கிச் சுட்டார். இரண்டும் ஓடின.

"இன்னும் கிட்ட வந்திருந்தா தாயச் சுட்டிருப்பாங்க மாமி. குட்டி என்ன செய்யும்?" என்றாள் றிஸ்னா.

"ஓம் மகள், என்ட பிழைதான்."

பயணத்தில் ளுஹரைப் பிற்போட்டு, பின்னேரத் தொழுகையான அஸரோடு சேர்த்துத் தொழச் சலுகை உண்டு. கப்பலுக்குத் திரும்பியே தொழுதிருக்கலாம். ஒரு வக்துத் தொழுகையும் பிந்தாதவள் என்ற பெருமைதான் தடுத்தது. இப்போது பயணங்களில் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஸுஜூதில் நெற்றியைத் தரையில் வைக்கும்போது அந்தக் குட்டி நினைவுக்கு வருகிறது.